மார்த்தாண்டத்துத் தேன்பெட்டிகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் இருக்கிறது மார்த்தாண்டம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. மூலம் இங்கே கிராமப் பணி செய்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஒரு குடிசைத் தொழிலாகவே ஊன்றிவிட்டுப் போனார். இன்றும் மார்த்தாண்டம் என்றால் தேன்தான்!

நான் பார்க்கப் போனது, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் ஒரு மகளிர் குழுவை. போன மாதம் பிப்ரவரி, நல்ல சீசன். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தெரியுமோ? இலையுதிர்ந்து புதுத் துளிர் விடும்போது, இளம் இலைக் காம்பின் நுனியில் சுரக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தேனீக்களுக்குக் கல்யாண விருந்துதான்.

குழுவில் பலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. தோட்டக்காரருக்குச் சில பாட்டில் தேன் கொடுத்துவிட்டுப் பெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

"மரம் அவருக்க, பெட்டி எனக்க. தேனீக்கு வேலி உண்டுமா அக்கா?" என்று சிரித்தாள் ஒருத்தி.

லேசாகப் புகை காட்டி மூடியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் ராணியும் புழுக்களும்; மேல்தட்டில் தேன். கீழே கை வைப்பதில்லை. மேல்தட்டுச் சட்டங்களை மட்டும் எடுத்து, மெழுகு மூடியைச் சீவி, கையால் சுற்றும் டிரம்மில் வைத்துச் சுழற்றுகிறார்கள். தேன் தெறித்து வடிகிறது. அடை உடையாமல் மறுபடி பெட்டிக்கே போகிறது. அந்த டிரம் குழுவுக்குப் பொது.

சிரமம் மழைக்காலத்தில்தான். பூவும் இல்லை, துளிரும் இல்லை. சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் தேனீ கூட்டத்தோடு பறந்துவிடும். முன்பெல்லாம் வியாபாரியிடம் சர்க்கரைக்கு முன்பணம் வாங்குவார்கள். சீசனில் அவர் சொன்னதுதான் விலை. இப்போது குழுச் சேமிப்பிலிருந்தே சர்க்கரைக்குக் கடன். அதனால் தேனுக்கு விலை பேசும் தைரியம் வந்திருக்கிறது. இரவில் பெட்டிகளை வேறு தோட்டத்துக்கு மாற்றும்போதும் நாலு பேராக வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

1991, 92-இல் வந்த நோயைப் பற்றி மூத்த அம்மா ஒருவர் சொன்னார். புழுக்கள் பை மாதிரி உப்பிச் செத்துப்போகும் வைரஸ் நோய் அது. மருந்து கிடையாது. தென்னாட்டில் பெரும்பாலான கூடுகள் அழிந்தன. "இருபது பெட்டியும் காலி மக்களே. ஆருட்ட போய் அழ?" பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மீண்டது. அந்தப் பாடத்தைக் குழு மறக்கவில்லை. ஒருத்தியின் கூடு போனால், கூடு செழிப்பாக உள்ளவள் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது இவர்களின் சட்டம்.

வாங்கி வந்த தேன் உறைந்தால் கலப்படம் என்று பயப்படாதீர்கள். பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில்கூடத் தடவக் கூடாது.

புறப்படும்போது அந்த அம்மா தன் பாஸ்புக்கைக் காட்டினார். "புருஷன் பேரு இல்ல, எனக்க பேருதான்" என்று விரல் வைத்துக் காட்டினார். சர்க்கரைக் கடன் முழுதும் அடைந்திருந்தது.