ஓரெழுத்துப் பிழை

பத்திரிகை அலுவலகம் ஒன்றில் ஒப்புநோக்காளனாக நான் வேலைக்கமர்ந்த ஆண்டு 1968. அப்பொழுது எனக்கு வயது இருபது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து அச்சிட்ட காலம் அது. அச்சுக் கோப்பவர் ஒரு பகுதியைக் கோத்து முடித்ததும் மை தடவித் தாளொன்றில் ஒற்றி எங்கள் மேசைக்கு அனுப்புவார். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் ஒற்றிய தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். இருவர் சேர்ந்தே செய்யவேண்டிய வேலை. தனியொருவர் செய்தால், கண்ணானது தான் எதிர்பார்த்ததையே காணும்.

ஒரு சனிக்கிழமை இரவு என்னுடன் வாசிப்பவர் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக முன்னதாகவே போய்விட்டார். மீதியை நான் தனியாகப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று நீதிமன்றச் செய்தி. ஐக்கிய நாணய சங்கத்துப் பணத்தைக் கையாடியதாக ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டார் என்பது விஷயம். மூலப்பிரதியில் அவர் பெயருக்கு முன்னே இருந்த எழுத்து 'த'. அச்சில் வந்தது 'க'.

நம்மவர் பெயரிடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. ஊர்க் கோயிலின் சுவாமி பெயரையே பத்துப் பிள்ளைகளுக்கு இடுகிறோம். ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றே. அதே ஊரில், அதே பெயருடன், 'க' என்ற எழுத்துக்கு உரியவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதிக் கெடுத்தது போதும்.

கோயில் திருவிழாக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. ஞாயிறு மாலையே தருமகர்த்தா வீட்டுப் பையன் ஒருவன் வந்து, கணக்குக் கொப்பியை வாங்கிவரச் சொன்னார்கள் என்று படலையில் நின்றானாம். ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். குடையைச் சுவரிலே சாத்திவிட்டு, "இந்தச் செய்தியை ஒப்புநோக்கியது ஆர், தம்பி?" என்று கேட்டார்.

"நான்தான், ஐயா."

"வழக்கு வம்பு எனக்கு வேண்டாம். முதற் பக்கத்தில் வந்தது. முதற் பக்கத்திலேயே பிழை என்று போட்டுவிடுங்கள். நாளைக்கு வந்தாற் போதும்."

அவர் கேட்டது அவ்வளவே. ஆசிரியபீடத்தாரும் இணங்கியே இருந்தனர். ஆனால், ஆலோசனை கேட்கப்பட்ட பிரக்கிராசியார் தடுத்துவிட்டார். பிழை என்று நாமே அச்சிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். கடிதம் ஏதும் வரட்டும், பார்ப்போம் என்றார். பன்னிரண்டு நாட்கள் சென்றன. பின்னர் நான்காம் பக்கத்தில், காணி விற்பனை விளம்பரம் ஒன்றின் கீழே, நான்கு வரிகளில் திருத்தம் வெளிவந்தது. அதை ஒப்புநோக்கியதும் நானே. இம்முறை இருவராகப் பார்த்தோம்.

பிரக்கிராசியார் காரணமின்றி அஞ்சவில்லை என்பதைப் பிற்காலத்திற் சட்டநூல்களைப் புரட்டியபோது அறிந்தேன். 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஞாயிறு பத்திரிகை ஒன்று, பிரான்ஸ் தேசத்துக் கடற்கரையூரிலே தன் மனைவியல்லாத பெண்ணொருத்தியுடன் உல்லாசமாய்த் திரிந்த ஆட்டிமஸ் ஜோன்ஸ் என்பவரைப் பற்றிக் கேலியாக எழுதியது. இலண்டன் பெக்கம் பகுதித் தேவாலய நிருவாகி என அவரைக் குறித்தது. எல்லாம் கற்பனை. ஆனால், அப்பெயருடைய நியாயவாதி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். அவர் பெக்கத்தில் வசித்தவருமல்லர், தேவாலய நிருவாகியுமல்லர். ஆயினும் கட்டுரை அவரையே குறிக்கிறதென எண்ணியதாக நண்பர்கள் சாட்சி சொல்ல, யூரிமார் 1,750 பவுண் நட்டஈடு விதித்தனர். 1909இன் இறுதியில் பிரபுக்கள் சபையும் அதனை உறுதிசெய்தது. எழுதியவன் மனத்தில் எவரை எண்ணினான் என்பது பொருட்டல்ல. வாசித்தவர் எவரை எண்ணினர் என்பதே பொருட்டு என்றாயிற்று. இத்தீர்ப்பின் கடுமையைத் தணிக்க இங்கிலாந்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. உரிய கவனம் செலுத்தியும் அறியாது பிழைத்தவர் திருத்தமும் மன்னிப்பும் வெளியிட முன்வந்து தப்பலாம் என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்தது. தனியாக ஒப்புநோக்கியவனை 'உரிய கவனம்' என்ற சொல் காக்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்கர் மறுகரைக்கே போய்விட்டனர். 1960 மார்ச் 29இல் நியூயோர்க் டைம்ஸ், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கோரும் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அதிலே சில பிழைகள். கிங் நான்கு முறை கைதானவர். விளம்பரம் ஏழு முறை என்றது. மாணவர் பாடிய பாட்டின் பெயரும் தவறு. மொன்கொமரி நகரத்தில் பொலீஸுக்குப் பொறுப்பான சலிவன் என்ற அதிகாரி, தம் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லாதபோதும், வழக்கிட்டு ஐந்து இலட்சம் டொலர் வென்றார். அந்த இதழில் அலபாமா மாநிலம் முழுவதற்கும் போயிருந்தவை நானூறு பிரதிகள் கூட இல்லை! கறுப்பின மக்களின் போராட்டத்தை வெளியுலகுக்கு அறிவிக்கும் பத்திரிகைகளை அடக்க இவ்வழக்குகள் நல்ல ஆயுதமாயின. 1964இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிராகரித்தது. பொய்யென அறிந்தோ, மெய்யா பொய்யா எனச் சற்றும் பொருட்படுத்தாமலோ எழுதினாலன்றி, அரசாங்க அதிகாரி நட்டஈடு பெற இயலாது என்றது. தன் அலுவலகத்திலிருந்த பழைய செய்திகளைப் புரட்டியிருந்தாலே டைம்ஸ் பிழைகளைக் கண்டிருக்கும். அதையும் நீதிபதிகள் கவனக்குறைவென்றே கொண்டனர்.

இதை வாசித்தபோது முதலில் எனக்கு ஆறுதலாயிருந்தது. நானும் கவனக்குறைவு மட்டுமே உடையவன் அன்றோ? பிறகு நாணினேன். சலிவன் அதிகாரத்தில் இருந்தவர். மேடையேறி மறுப்புரைக்க வல்லவர். எங்கள் ஆசிரியருக்கு இருந்ததோ ஒரு குடையும் ஒரு பெயரும். சாதாரண மனிதருக்கு இந்த விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 1974இல் வேறொரு வழக்கிற் கூறியது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

இலங்கையில், அவதூறு எழுதியவரைச் சிறையிலிடும் குற்றவியற் சட்டப்பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. நல்ல காரியம். சிறைக்கு அஞ்சுபவன் உண்மையையும் எழுதான். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த நட்டஈட்டு வழக்கு மட்டும் நிலைத்திருக்கிறது. அதே மூலச் சட்டத்தைக் கொண்ட தென்னாபிரிக்காவில், சூழ்நிலைக்கேற்ப நியாயமாக நடந்துகொண்ட பத்திரிகை பிழைத்தாலும் பொறுப்பாகாது என்று 1998இல் தீர்ப்பாயிற்று.

ஆயினும், அந்தப் பன்னிரண்டு நாட்களுக்கு இவற்றுள் எதிலும் முழு மருந்து இருப்பதாக நான் காணவில்லை. எழுத்து மாறிப்போனது ஓரிரவின் பிழை. அதற்கு ஒருவன் மன்னிப்புக் கேட்கலாம். அவர் வந்து சொன்ன பின்னரும் மௌனமாயிருந்தது பிழையன்று, அது தீர்மானம். அத்தீர்மானத்தைச் செய்வித்தது நட்டஈட்டு அச்சம். உடனே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்துபவனுக்கு விலக்கும், தாமதிப்பவனுக்குத் தண்டமும் என்று சட்டம் இருந்திருப்பின், பிரக்கிராசியார் அன்றிரவே திருத்தத்தைப் போடச் சொல்லியிருப்பார்.

ஆசிரியர் வழக்கிடவில்லை. திருத்தம் வந்த பின், தருமகர்த்தா தாமே நேரிற் சென்று கணக்குக் கொப்பியைத் திரும்ப நீட்டினாராம். அவர் வாங்கவில்லை என்றும், அடுத்த வருஷத் திருவிழாவுக்குக் கணக்கு வேறொருவர் எழுதினார் என்றும் கேள்விப்பட்டேன்.