கைப்பிரேக் விளக்கு



கடந்த வியாழன் அதிகாலை, நாமக்கல்லில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த நம் சபைத் தாயார் ஒருவருக்காக ஜெபிக்கச் சேலத்திலிருந்து புறப்பட்டேன். காரில் பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் விளக்கு எரிந்தது. பொத்தானைப் பலமுறை அழுத்தியும் பிரேக் விடுபடவில்லை. போதகருக்கும் கோபம் வரும் என்பதை அன்று என் மனைவி மீண்டும் கண்டாள்.

இத்தகைய கார்களில் இழுக்கும் கைப்பிடி இல்லை. பெரும்பாலும் பின்சக்கரங்களிலுள்ள சிறு மோட்டார்களே பிரேக்கை இறுக்கித் தளர்த்துகின்றன.

நாமக்கல் லாரிப் பட்டறையில் நெடுங்காலம் உழைத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பிரேக்கைத் தொடவேயில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 11.4 வோல்ட். ஓய்வில் 12.6 அளவில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாருக்கு வலு போதாது. எச்சரிக்கை விளக்கு எரியும்.

"லாரியிலயும் இப்படித்தானுங்க ஐயா. காத்து இறங்கிட்டா ஸ்பிரிங் பிரேக் பிடிச்சுக்கும். பிரேக்கைத் திட்டி என்னங்க பண்றது, காத்து ஏறணும்" என்றார்.

இரண்டு வாரமாக எஞ்சின் தயங்கித்தான் ஸ்டார்ட் ஆகிவந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

வேறொரு பேட்டரியோடு கேபிள் இணைத்து எஞ்சினை ஓடவிட்டார். கால்பிரேக்கை மிதித்தபடி பொத்தானை அழுத்தினேன். பிரேக் விடுபட்டது, விளக்கும் அணைந்தது. ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் உடனே ஓரமாக நிறுத்திப் பிரேக் ஆயிலைப் பார்க்கும்படி எச்சரித்தார். பேட்டரியை மறுநாள் மாற்றினேன்.

நாமக்கல்லை அடையுமுன் அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூடிய கதவுக்கு வெளியே அவருடைய மகளோடு நின்று ஜெபித்தேன். மாலையில் கண்விழித்த அம்மா கேட்டார்: "ஐயா, சாப்பிட்டீங்களா?"