கடைசி முறுக்கு

அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையில் தயாரானது. டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை. சேஸிஸ் வழி உறவு.

தங்கவயல் சாலைக் குழிகளில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்றது. அதிர்வை வாங்கும் சஸ்பென்ஷன் புஷ்களைப் பெங்களூரில் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. விற்றுத் தொலைக்கலாமா என்றிருந்தது.

2001-ல் சுரங்கம் மூடப்படும்வரை அப்பாவோடு அங்கே வேலை பார்த்த ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். "ஜாக்கியில தூக்கி வச்சே போல்ட்டை முறுக்கியிருக்காங்க தம்பி. சக்கரம் தரையில நின்னு, பாரம் இறங்கினப்புறம்தான் கடைசி முறுக்கு. இல்லேன்னா வண்டியை இறக்கினதுமே ரப்பர் திருகிக்கும். கிழியாம என்ன செய்யும்?"

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றேன். (மொழிபெயர்ப்பாளனுக்குப் படித்ததைச் சொல்லிப் பார்க்காமல் இருக்க முடியாது.)

"உங்க முதுகு தாங்காது" என்றார்.

புது ரப்பர் போட்டு, வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி, என்னை ஸ்டீயரிங் முன் உட்காரச் சொன்னார். கீழேயிருந்து குரல் வந்தது: "அப்பாவைவிட நீங்க கனம் தம்பி. அசையாம இருங்க."