கிளை முறிக்காமல்

ஓடை எந்தப் பக்கம் என்று காதுதான் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ரோடோடென்ட்ரான் புதர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்து, இரு கரையிலிருந்தும் சாய்ந்து, நடுவில் கிளைகோத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கடியில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் தண்ணீர் பாறைக்குப் பாறை இறங்கி வருகிறது. இப்படிப்பட்ட புதர்க்காடுகளை அந்தக் காலத்து மலைவாசிகள் ‘நரகம்’ என்றே அழைத்தார்கள். உள்ளே நுழைந்தவர் வெளியே வர எத்தனை நாளாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இது அமெரிக்காவில், டென்னசியும் வட கரோலினாவும் முட்டிக்கொள்ளும் கிரேட் ஸ்மோக்கி மலைகள். 1934 முதல் தேசியப் பூங்கா, 5 லட்சம் ஏக்கருக்கும் மேல். ஜூன் மாதக் கடைசி. மூன்று பேர் கொண்ட படக்குழு ஒன்றின் பின்னால் பையைச் சுமந்துகொண்டு நான். ஓடையின் பெயரை எழுதுவதில்லை என்று காலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். படத்திலும் அந்தப் பெயர் வராது. நாலடி அகல ஓடைக்கு நாற்பது பேர் வந்தால் அது தாங்காது.

குழுவின் நாயகி அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. டீச்சர் என்றே சொல்கிறேன். ஐம்பது வருடமாக இந்த மலையில் ஃப்ளை தூண்டில், அதாவது முள்ளில் இறகு சுற்றிப் பூச்சிபோலச் செய்த ‘ஃப்ளை’யைக் கட்டிய தூண்டில், போடுகிறார். கேமராக்காரருக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். ஒலிப்பதிவு செய்பவர் கல்லூரி முடித்த கையோடு வந்திருக்கும் பையன்.

ஃப்ளை தூண்டில் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி 1992-இல் வந்த ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படம்தான். மொன்டானாவின் அகன்ற ஆறு, மாலை வெயில், தலைக்கு மேலே வட்டம் வட்டமாய்ச் சுழலும் நூல். ஒளிப்பதிவாளர் ஃபிலிப் ரூஸலோவுக்கு அது ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. பிராட் பிட்டுக்கு பதிலாக அந்தப் புகழ்பெற்ற வீச்சை வீசியவர் ஜேசன் போர்கர் என்ற கைதேர்ந்த தூண்டில்காரர். அதற்குப் பிறகு வந்த ஃப்ளை தூண்டில் படங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு காட்சியின் பிள்ளைகள்.

இங்கே தலைக்கு மேல் நூலைச் சுழற்ற ஓரடி வெட்டவெளி கிடையாது. டீச்சரின் கோல் ஆறரை அடிதான். முழங்காலில் ஊர்ந்து பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொள்கிறார். தங்கூசி நரம்பின் நுனியில் கட்டியிருக்கும் ஃப்ளையை, முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறார். கோல் வில்லாக வளைகிறது. விரலை விட்டதும் ஃப்ளை அம்புபோலப் பாய்ந்து, நீருக்கு ஒரு சாண் மேலே தொங்கும் கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே நுழைந்து, மடுவின் தலைமாட்டில் உட்காருகிறது. இதற்கு வில்லம்பு வீச்சு என்றே பெயர். கண் சிமிட்டினால் தவறிவிடும்.

இதைத்தான் படம் பிடிக்க வேண்டும். கேமராக்காரர் விநாடிக்கு 120 ஃபிரேம் எடுத்து 24-இல் ஓட்டுகிறார். அதாவது ஐந்து மடங்கு மெதுவாக. ஆனால் ஃபிரேம் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. புதருக்கடியில் ஏற்கெனவே அந்தி. போதாததற்கு, நீரின் மேல் அடிக்கும் பளபளப்பை வெட்ட லென்ஸில் போலரைசர் மாட்டியாக வேண்டும். அது இல்லாவிட்டால் மீன் தெரியாது, வானம்தான் தெரியும். மாட்டினால் உள்ள வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். பளபளப்பு முழுதாக மறைவதும் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான். அந்தக் கோணத்தில் கேமராவை வைக்க நினைத்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கிளை இருந்தது.

கிளையை ஒடித்துவிட்டால் என்ன? இங்கே அது குற்றம். செடிகொடி எதையும் வெட்டக்கூடாது. ஓடைக்கல்லைப் புரட்டுவதற்கும் தடை உண்டு, ஏனென்றால் கல்லடியில்தான் ஹெல்பெண்டர் என்ற பெரிய நீர்ச்சாலமாண்டர் முட்டையிடும். ட்ரைபாட் சாய்ந்து நிற்கிறதே என்று ஒரு கல்லை நகர்த்தி முட்டுக்கொடுக்க முடியாது. மேலிருந்து எடுக்கலாம் என்றால், 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ட்ரோனுக்கும் தடை. ஆக, காடு எங்கே இடம் கொடுக்கிறதோ அங்கேதான் கேமரா. இந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றிக் கேமராக்காரர் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. மண்ணில் குப்புறப் படுத்து, ஒரு சிறிய பீன்ஸ் மூட்டையின் மேல் கேமராவை வைத்து, இலைகளின் இடுக்கு வழியாக எடுத்தார். முன்னால் மங்கலாக ஆடும் அந்த இலைகள்தான் காட்சிக்கு ஆழம் கொடுத்தன. பிறகு சின்னத் திரையில் பார்த்தபோது, நானே புதருக்குள் ஒளிந்து பார்ப்பதுபோல இருந்தது.

முதல் மடுவில் மீன் கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. டீச்சர் ஊர்ந்து போகக் கற்றவர். நாங்கள் மூவர் பின்னால் தடதடவென்று வந்தால் மீன் எப்படி இருக்கும்? நான்கங்குல நீருக்குள்ளும் அது நிழலைப் பார்க்கும், பாறையில் விழும் அடியை உணரும். ஒன்று மிரண்டு மேலோடினால் மடு முழுக்கக் காலி. அதனால் மூன்றாவது மடுவிலிருந்து முறை மாறியது. கேமராக்காரர் முதலில் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வார். இருபது நிமிடம் எல்லோரும் அசையாமல் இருப்போம். பிறகுதான் டீச்சர் ஊர்வார். பேச்சு கிடையாது. ஓடையின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. கையால் ஒரு சைகை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் பூவால் வந்தது. ரோடோடென்ட்ரான் பூக்கும் காலம். வெள்ளை இதழ்கள் கொட்டி மடு முழுவதும் சுழன்றுகொண்டிருந்தன. டீச்சர் கட்டியிருந்த பாராசூட் ஆடம்ஸ் ஃப்ளையின் உச்சியிலும், கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வெள்ளைக் குடுமி இருக்கும். இதழ் எது, குடுமி எது என்று கேமராவுக்குப் பிடிபடவில்லை. “மஞ்சளைப் போடுங்க,” என்று கேமராக்காரர் டீச்சரின் காதோடு கிசுகிசுத்தார். டீச்சர் பெட்டியைத் திறந்தார். இந்தப் பருவத்தில் பறக்கும் சிறிய மஞ்சள் கல்லீயைப் போலச் செய்தது ஒன்று, அதன் பக்கத்தில் யாலர்ஹாமர்.

யாலர்ஹாமர் இந்த மலைக்கே உரிய ஃப்ளை. மஞ்சள் இறகுத்தண்டு மரங்கொத்தியின் இறகை வகிர்ந்து முள்ளில் சுற்றிச் செய்வார்கள். 1918-இல் வலசைப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பறவையைத் தொடக்கூடாது. இப்போது வேறு இறகுக்கு மஞ்சள் சாயம் ஏற்றிக் கட்டுகிறார்கள். டீச்சருடையதும் அப்படித்தான், அவரே கட்டியது. முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கியிருந்தார், மீனின் வாயைக் கிழிக்காமல் கழற்ற.

நான்காவது மடுவில் ஒரு மீன் அதை எடுத்தது.

உள்ளங்கை நீளம்தான். ப்ரூக் ட்ரௌட். ஊர்க்காரர்கள் ‘ஸ்பெக்’ என்பார்கள், புள்ளிக்காரன். பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம்போலக் கோடுகள். விலாவில் சிவப்புப் பொட்டு, அதைச் சுற்றி நீல வளையம். அடித்துடுப்பின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று, சுண்ணாம்பு தடவியதுபோல. உண்மையில் இது ட்ரௌட் குடும்பத்தில் சார் என்ற கிளையைச் சேர்ந்தது. ட்ரௌட் வகையில் இந்த மலைக்குச் சொந்தக்காரன் இது ஒன்றுதான். 1901-இல் தொடங்கிய லிட்டில் ரிவர் மரக்கம்பெனி போன்றவை காட்டை மொட்டையடித்தபோது ஓடைகள் சூடேறிச் சேறாயின. பசிபிக் கரையிலிருந்து ரெயின்போ ட்ரௌட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி, ஸ்பெக்கை உச்சி ஓடைகளுக்குத் துரத்தியது. அதே ரெயின்போதான் நம் நீலகிரிக்கும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அவலாஞ்சியில் இன்றும் பொரிப்பகம் இருக்கிறது.

1970களின் நடுவில் பூங்காவில் ஸ்பெக் பிடிக்கவே தடை போட்டார்கள். 2006-இல்தான் நீங்கியது. லின் கேம்ப் ப்ராங் என்ற ஓடையில் 2008-இல் தொடங்கி வெளிமீன்களை மருந்திட்டு அகற்றி, ஸ்பெக்கைத் திரும்பக் குடியேற்றி, 2015-இல் தூண்டிலுக்குத் திறந்தார்கள். டீச்சர் சிறுவயதில் பார்த்ததும் பின்பு இல்லாமல் போனதும் மறுபடி வந்ததும் இந்த மீன்தான். இந்தப் படத்துக்கு அவர் சம்மதித்ததே அதற்காக.

மீன் கையில் வந்ததும் கேமராக்காரர் சொன்ன முதல் வார்த்தை, “தூக்காதீங்க.”

மீனை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் காட்சி இந்த வகைப் படங்களில் சம்பிரதாயம். அவருக்கு அது வேண்டாம். ரெட்ஃபோர்டின் படம் வந்த அதே 1992-இல் கனடாவில் ஓர் ஆய்வு வெளியானது. ரெயின்போ ட்ரௌட்களைக் களைக்கும்வரை விரட்டிவிட்டு, நீருக்கு வெளியே வைத்துப் பார்த்தார்கள். விரட்டியதோடு விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72. நம் ஓடையில் இழுபறி அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு ஷாட் சரியாக வர அறுபது விநாடி என்பது ஒன்றுமே இல்லை. “இன்னொரு தடவை” என்று கேட்டால் போயிற்று.

டீச்சர் முதலில் கையை நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புப் பூச்சு போய்விடும், அதுதான் அதற்குக் கவசம். இரு கைகளையும் நீருக்குள் வைத்துத் தொட்டில்போல ஏந்தினார். கேமரா தண்ணீரோடு தண்ணீராக இறங்கி, கண்ணாடிக் கூண்டின் பாதி நீருக்குள், பாதி மேலே. செவுள் நான்கு முறை திறந்து மூடியது. பிறகு கையில் மீன் இல்லை. மொத்தம் எட்டு விநாடி. அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான் என்பது என் எண்ணம்.

பிற்பகலில் வெயில் இலைகளினூடே பொட்டுப்பொட்டாய் விழ ஆரம்பித்தது. கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு ஆகாது. வெளிச்சப் பொட்டு வெளுத்துப்போகும், நிழல் கறுத்துப்போகும். ஒலிப்பதிவுப் பையன் மட்டும் வேலை செய்தான். ஒவ்வொரு மடுவுக்கும் தனித்தனியாக இரண்டு நிமிடம் வெறும் தண்ணீர்ச் சத்தம். எல்லாம் ஒன்றுபோலத்தானே கேட்கிறது என்றேன். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டான். முதல் மடு உரலில் இடிப்பதுபோலக் குமுறியது. நான்காவது, குடத்திலிருந்து ஊற்றுவதுபோலத் தணிவாக. ஓடைக்குக் குறுக்கே கிடந்த ஹெம்லாக் மரத்தடியில் மட்டும் ஒரு கொப்பளிப்பு. இந்த மரத்தில் வெள்ளைப் பஞ்சாய் ஒட்டிக்கொள்ளும் அடெல்ஜிட் பூச்சி இந்தப் பூங்காவில் தென்பட்டது 2002-இல். அன்றிலிருந்து ஹெம்லாக்குகள் பட்டுச் சாய்ந்துகொண்டே இருக்கின்றன. நிழல் போனால் நீர் சூடாகும், ஸ்பெக் தாங்காது. பையன் அந்த இடத்தில் மட்டும் ஐந்து நிமிடம் பதிவு செய்தான்.

மூட்டை கட்டும்போது டீச்சர் ஃப்ளைகளை எண்ணினார். காலையில் 12. இப்போது 11. இரண்டாவது தடவை எண்ணினார், தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், சட்டைப்பையைத் தடவினார். கிளையில் தொங்கும் முள்ளைப் பூச்சி என்று நினைத்துக் கொத்தும் குருவியின் கதி அவருக்குத் தெரியும். யாரும் ‘போனால் போகிறது’ என்று சொல்லவில்லை. கேமராக்காரர் பையைத் திறந்து, கேமராவைத் திரும்ப எடுத்து, அன்றைய காட்சிகளை ஒவ்வொன்றாக ஓட்டினார். சின்னத் திரையின் மேல் நான்கு தலைகள் கவிந்தன. ஆறாவது மடு, மூன்றாவது வீச்சு. ஐந்து மடங்கு மெதுவாக நரம்பு முன்னே போகிறது, வலப்பக்கம் ஓர் இலை லேசாகத் துடிக்கிறது, நரம்பு வெறுங்கையோடு திரும்புகிறது.

நானூறு கஜம் திரும்ப நடந்தோம். கேமராக்காரர் திரையைப் பார்த்து “இன்னும் இடது... அந்தப் பழுத்த இலைக்கு மேலே” என்று வழிசொன்னார். டீச்சர் ஓடைக்குள் இறங்கி, கிளையை முறிக்காமல் மெள்ள மெள்ளத் தன் பக்கம் வளைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இலைக்காம்பிலிருந்து மஞ்சள் இறகைக் கழற்றினார்.