8085 பேசுது, கேளுங்க!

எம்விஐ-க்கு டைமிங் டயக்ராம் எத்தனை தடவை வரைஞ்சிருப்பீங்க? ரெக்கார்டுல ஒண்ணு, இன்டர்னல்ல ஒண்ணு, செமஸ்டர்ல ஒண்ணு. ஸ்கேல் வச்சு அழகா கோடு போட்டோம். அந்தக் கோடு நிஜத்துல ஓடுறதைப் பார்த்திருக்கோமா?

லேப்ல 8085 கிட், 16 சேனல் லாஜிக் அனலைசர் ரெண்டையும் ஒரு மதியம் கேட்டு வாங்குங்க. முதல்ல 20-ஆம் பின்னில் கிரவுண்ட். 12 முதல் 19 வரை ஏடி0–ஏடி7. பிறகு எஸ்0 29, ஏஎல்இ 30, டபிள்யூஆர் 31, ஆர்டி 32, எஸ்1 33. கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ்னா, சாம்பிளிங் 24 மெகாஹெர்ட்ஸாவது வையுங்க.

4100-ல் ஒரு குட்டி புரோகிராம்: அக்குமுலேட்டரில் 05 போடு, அதை 4200-ல் எழுது, திரும்ப 4100-க்குப் போ. ஹெக்ஸில் 3இ 05 32 00 42 சி3 00 41. ஒரு சுற்றுக்கு 30 டி-ஸ்டேட் வரணும், எண்ணிப் பாருங்க.

திரையில் முதலில் எல்லாம் குழப்பமாத்தான் தெரியும். அதே எட்டு ஒயர்லதான் அட்ரஸும் வருது, டேட்டாவும் வருது. எப்போ பார்க்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும். ஏஎல்இ இறங்கும்போது இருப்பது அட்ரஸின் கீழ் பைட். ஆர்டி மறுபடி ஏறுவதற்குச் சற்று முன் இருப்பது டேட்டா. எஸ்0, எஸ்1 ரெண்டும் 1 என்றால் ஆப்கோடு ஃபெட்ச்.

எங்க டீமில் தமிழ் மீடியத்தில் படிச்சு வந்த நண்பன் ஒருத்தன். வைவான்னா வாயே திறக்க மாட்டான். அன்னைக்குத் திரையில் விரல் வச்சுப் படிச்சது அவன்தான். "இதோ 00-ல என்ன இருக்குன்னு கேக்குது, 3இ வருது. அப்புறம் கொஞ்சம் சும்மா நிக்குது பாரு, அதான் நாலாவது டி-ஸ்டேட். வந்தது என்னன்னு புரிஞ்சுக்குது. இப்போ 01 கேக்குது, 05 வருது." டபிள்யூஆர் கீழே இறங்கிய இடத்தில் நிறுத்தினான். "இங்க மட்டும் கேக்கலடா, குடுக்குது."

எனக்கு எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ரைட் சைக்கிள் டெஃபனிஷன் வரிக்கு வரி சொல்வேன். அது மனசுல உட்கார்ந்தது அந்த "குடுக்குது"க்கு அப்புறம்தான்.

உங்க பெஞ்சிலும் வைவாவில் பேசாத ஒருத்தர் இருப்பாங்க. அடுத்த தடவை மவுஸை அவங்க கையில் குடுங்க. தமிழ்லயே படிக்கச் சொல்லுங்க.