பாவு நீலம், ஊடை வெள்ளை

நனைந்த ஜீன்ஸை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தேன். தண்ணீர் நீலமாக இறங்கியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி நீலம். விடுதியின் கொடியில் போட்டதும் கொடி வளைந்து தொங்கியது. அதே கொடியின் மறுமுனையில் அம்மாவின் பருத்திச் சேலை கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டதுதான். அதற்குள் முந்தி உலர்ந்து, மின்விசிறிக் காற்றில் ஆடத் தொடங்கியிருந்தது.

கொஜிமாவில் இரண்டாம் நாள் இரவு அது. ஜப்பானில், ஒக்கயாமா மாநிலத்தில், செத்தோ உள்கடலை ஒட்டிய சின்ன ஊர். ஒக்கயாமாவை வெயில் நாடு என்றுதான் ஜப்பானியர்கள் சொல்வார்கள். மழை நாட்கள் குறைவான பகுதி. ஆனால் நாங்கள் போனது 2019 ஜூன் மாதம். அங்கே அது மழைக்காலம். காலையில் பிடித்த மழை சாயங்காலம்வரை விடவில்லை. நான் கொண்டுபோயிருந்தது இரண்டே ஜீன்ஸ். ஒன்று முதல் நாள் துவைத்தது, இன்னும் ஈரம். மற்றொன்று இப்போது கொடியில்.

எனக்கு ஜீன்ஸ் வெறும் துணி அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் படித்த கல்லூரியில் பெண்கள் ஜீன்ஸ் போடக் கூடாது. ஒருநாள் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தபின், யாரையும் கேட்காமல் காலையில் எழுந்து ஜீன்ஸை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறிய அந்த முதல் வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பயணம் என்றால் என் பெட்டியில் முதலில் போவது அதுதான். அதைப் போட்டிருந்தால் எந்த ஊர் விமான நிலையத்திலும் நான் எல்லாரிலும் ஒருத்தி.

அந்த நிம்மதியை அம்மாவுக்கும் கொடுக்க நினைத்தேன். அப்பா போன பிறகு அம்மா வெளியூர் எங்கும் போகவில்லை. அலுவலக வேலையாக நான் ஒசாகா போக வேண்டி வந்தபோது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் ஒரு வாரம் சுற்றிவிட்டு வரலாம் என்று முடிவு செய்தேன். தி. நகரில் அம்மாவுக்கும் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். இடுப்பில் இழுபடுகிற மாதிரி, வயதானவர்களுக்கென்றே தைத்தது. மேலே போட நீளமான இரண்டு சட்டைகள். அம்மா வாங்கிப் பார்த்தாள், மடித்தாள், பெட்டியின் அடியில் வைத்தாள். அதன் மேல் ஐந்து சேலைகளை அடுக்கினாள்.

கொஜிமாவுக்கு வந்ததும் ஜீன்ஸுக்காகத்தான். ஜப்பானிலேயே தைத்த முதல் ஜீன்ஸ் 1965இல் இந்த ஊரிலிருந்துதான் வெளியே வந்தது. ஒரு காலத்தில் இது தீவு. கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அந்த உப்பு மண்ணில் நெல் வரவில்லை, பருத்தி வந்தது. பருத்தியிலிருந்து நெசவு, நெசவிலிருந்து காலுறை, பள்ளிச் சீருடை, கடைசியில் ஜீன்ஸ். கடைவீதியில் தலைக்கு மேலே, திருவிழாத் தோரணம் மாதிரி வரிசையாக ஜீன்ஸ்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மழையில் அவையும் நனைந்துகொண்டிருந்தன.

நாங்கள் தங்கியது குடும்பமாக நடத்துகிற சின்ன விடுதி. நடத்துகிற அம்மாளுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். முதல் நாள் இரவுச் சாப்பாடு பாய் விரித்த அறையில், முழங்கால் உயரம்கூட இல்லாத மேசையில். காடியில் ஊறிய சின்ன மீன் ஒன்று வந்தது. பெயர் மமகரி. அதைத் தொட்டுச் சாப்பிட்டால் வீட்டுச் சோறு போதாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டிவரும் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தமாம். தொலைபேசியில் தட்டி, மொழிமாற்றி, அந்த அம்மாளே காட்டினார். படித்துச் சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சேலையைச் சற்றுத் தளர்த்திச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் ஒரு மணி நேரமும் அசையவில்லை. எனக்கு இருபது நிமிடத்தில் கால் மரத்தது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டி வயிற்றை அறுத்தது. மடக்கிய முழங்காலுக்குப் பின்னால் துணி கெட்டியாக மடிந்து தோலில் பதிந்தது. காலை எந்தப் பக்கம் நீட்டுவது என்ற யோசனையிலேயே நல்ல மீன் தீர்ந்துபோனது.

மறுநாள்தான் மழை. அன்றிரவு சண்டை.

ஆரம்பித்தது நான்தான். விடுதியில் கொடுத்த யுகாதா அங்கியைச் சுற்றிக்கொண்டு, ஈரத்தோடும் அசதியோடும் உட்கார்ந்திருந்தேன்.

“உனக்கும்தானே ஒண்ணு வாங்கித் தந்தேன். பெட்டிக்குள்ள அப்படியே கெடக்கு. ரயில்ல ஏறுனதுலேர்ந்து எல்லாரும் உன்னையே பார்க்கிறாங்க. தெரியுதா உனக்கு?”

“பார்த்தா என்ன?”

“எனக்கு என்னவோபோல இருக்கும்மா.”

அம்மா கொடியிலிருந்த சேலையைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்த பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பிப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “அந்த ஜீன்ஸை நீ எனக்காக எடுத்தியா? இல்ல, என்னைப் பார்க்கிறவங்களுக்காக எடுத்தியா?”

பதில் சொல்ல முடியவில்லை. விளக்கை அணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. கல்லூரி வாசலில் என்னைத் திருப்பி அனுப்பிய நாள்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஜீன்ஸே அவள் சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்தது. “துணிதானே. உனக்கு நடக்கத் தோதா இருந்தா போட்டுக்கோ” என்றாள். தெரு என்ன சொல்லும், சித்தப்பா என்ன சொல்வார் என்று ஒரு சொல் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் முன்னால், எங்கள் தெருவில், அது சின்ன விஷயமல்ல. ஊரார் கண்ணிலிருந்து அவள் என்னை விடுவித்தாள். நானோ முன்பின் தெரியாத ரயில் பயணிகளின் கண்ணுக்காக அவளை மாற்றப் பார்த்திருக்கிறேன்.

காலையில் ஜீன்ஸைத் தொட்டேன். சில்லென்று ஈரம். சேலையை அம்மா மடித்தே வைத்துவிட்டாள்.

என் நிலைமையைப் பார்த்துவிட்டு விடுதி அம்மாள் உள்ளே போனார். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட தொளதொளத்த கால்சட்டைகள் இரண்டோடு வந்தார். மொம்பே. இடுப்பில் கயிறு, கணுக்காலில் சுருக்கு. வயலில் வேலை செய்கிற பெண்கள் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டணத்துப் பெண்களும் இதையே போட வேண்டியிருந்தது. இவை அவருடைய அம்மாவுடையவையாம். ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். மற்றொன்றை அம்மா கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

அம்மா அருப்புக்கோட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். எட்டு வயதிலிருந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார் சுற்றியவள். வலது கட்டைவிரல் ஓரத்தில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. அந்த விரலால் புள்ளிகளைத் தடவினாள்.

“இது அச்சு இல்ல. சுங்குடி மாதிரித் துணியைக் கட்டுனதும் இல்ல. நூலையே அங்கங்க கட்டிச் சாயத்துல முக்கி, அப்புறம் நெஞ்சிருக்காங்க. புள்ளியோட ஓரம் கலைஞ்சிருக்கு பாரு.”

நான் அதைத் தட்டி மொழிமாற்றிக் காட்டினேன். விடுதி அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிங்கோ கசுரி என்றார். மேற்கே பக்கத்துப் பகுதியான ஃபுக்குயாமா வட்டாரத்து நெசவு. நீலச் சாயம் தெரிந்த அந்த வட்டாரத்துக்காரர்களில் பலர், கசுரிக்கு ஆள் குறைந்த காலத்தில் ஜீன்ஸ் துணிக்கு மாறினார்கள். மொம்பேயின் பிள்ளைதான் அந்த வட்டாரத்து ஜீன்ஸ் துணி என்று சொன்னால் தப்பில்லை.

அம்மா அதோடு விடவில்லை. கொடியிலிருந்த என் ஜீன்ஸை எடுத்து, ஒரு காலை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மடியில் போட்டாள். இத்தனை வருடத்தில் நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. கட்டைவிரல் நகத்தால், நெடுக்கே ஓடும் பாவு இழை ஒன்றை நிமிர்த்தினாள். “பாவு நீலம், ஊடை வெள்ளை. சாய்ச்சு நெஞ்சிருக்கு, அதான் மேல நீலமா தெரியுது. கெட்டியான துணிதான். பாரம் தூக்குறவன் போடுற துணி இது.”

அவள் சொன்னது சரி. 1873இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து காப்புரிமை வாங்கியது, கால்சட்டைப் பையின் மூலையில் செப்புக் குமிழ் அடிக்கும் முறைக்காக. உழைக்கிற ஆட்களின் பை கிழிந்துகொண்டே இருந்தது. கிழியாமலிருக்க ஒரு வழி. அவ்வளவுதான். மொம்பேயும் அப்படிப் பிறந்ததுதான்.

பத்து மணிக்கு மழை விட்டது. கிளம்பலாம் என்று திரும்பிப் பார்த்தால் அம்மா மொம்பேயில் நின்றாள். சேலையை மடித்து விடுதி அம்மாளிடம் கொடுத்து வைத்திருந்தாள். இடுப்புக் கயிற்றை முடிச்சிட்டு, அதன்மேல் நான் வாங்கித் தந்த நீளச் சட்டையைப் போட்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கால்சட்டை. நான் பார்ப்பதைப் பார்த்து, “அந்தக்கா அவங்க அம்மாவோடத எடுத்துக் குடுத்தாங்கள்ல” என்றாள். பிறகு தரையைக் காட்டினாள்: “தெருவெல்லாம் தண்ணி. சேலைன்னா தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும்.”

கால்சட்டை வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைவீதியில் ஒரு கடைக்குள் பழைய தறி இருந்தது. அம்மா விலைச்சீட்டு எதையும் பார்க்காமல் நேரே அதனிடம் போனாள். ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒதுங்கி இடம் விட்டார். ஊடை நூலோடு ஓடும் நாடாவை எடுத்துக் காட்டினார், உள்ளே தார். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். நாடா ஓடும் தறியில் ஊடை அறுபடாமல் திரும்பித் திரும்பி வருவதால் துணியின் ஓரம் தானே அடைந்துகொள்ளும். அந்த ஓரத்தை ஜப்பானியர்கள் ‘மிமி’ என்கிறார்கள், காது என்று அர்த்தம். நம்மூரில் கரை. அதில் ஒரு சிவப்பு இழை ஓடியது. அம்மா அதை விரலால் நீவி நீவிப் பார்த்தாள்.

அங்கே ஒரு கேள்வி கேட்டாள்: “துவைக்கத் துவைக்க வெளுக்கும்போல இருக்கே. சாயம் நிக்காத துணிக்கா இவ்வளவு காசு?”

அவள் வளர்ந்த வீட்டில் சாயம் போவது குற்றம். சேலை வாங்கியவர் திரும்பி வந்தால் தறிக்காரருக்கு அவமானம். இளைஞர் பொறுமையாக விளக்கினார். பாவு நூலைக் கயிறாகச் சேர்த்து நீலத்தொட்டியில் முக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகிறது. மறுபடி முக்கி மறுபடி காற்றில் காட்டுகிறார்கள். எத்தனை முறை முக்கினாலும் நீலம் நூலின் மேலோடு நின்றுவிடும். நடு வெள்ளையாகவே இருக்கும். உடுத்துகிறவர் எங்கே மடக்குகிறாரோ, எங்கே உரசுகிறாரோ, அங்கே தேய்ந்து அந்த வெள்ளை தெரியும். முழங்கால் மடிப்பும் பையில் வைத்த சாவியும் துணியில் பதிந்துவிடும். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வெளுக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப இது உழைச்ச அடையாளம்” என்றாள். அந்தச் சொல்லை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் இளைஞர் குனிந்து வணங்கினார்.

நான்காம் நாள் காலையில்தான் ஜீன்ஸ் முழுதாகக் காய்ந்தது. கிளம்பும்போது அம்மா மொம்பேயைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். விடுதி அம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா தன் சேலைகளில் ஒன்றை, புதிதாகவே இருந்த அருப்புக்கோட்டைச் சேலையை, அவர் கையில் வைத்தாள். அந்த அம்மாள் உடனே அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். “மிமி” என்றார். “கரை” என்றாள் அம்மா.

வெளிநாடு போகும்போது ஜீன்ஸ் எடுத்துப் போகலாமா என்று தோழிகள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். மழை இல்லாத, குளிர்ந்த ஊர் என்றால் ஒன்று போதும். அதைவிட உழைக்கிற துணி கிடைக்காது. மழைக்காலத்துக்கும், தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளுக்கும் வேண்டாம். முக்கால் கிலோ துணி நனைந்தால் உங்கள் நாளையே பிடித்து வைத்துக்கொள்ளும். கூட வருகிறவர் அம்மாவாக இருந்தால், அவருக்கு நீங்கள் துணி எடுக்காதீர்கள். கேளுங்கள்.

போன மாதம் இலங்கைக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. முதல்முறையாக நான் கேட்டேன்: “உனக்கு என்னம்மா எடுத்து வைக்கட்டும்?”

மாடிக் கொடியில் காய்ந்த மொம்பேயை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்: “அங்க இப்ப மழையா, வெயிலா? தங்குற வீட்டுல தரையா, நாற்காலியா? அதை மொதல்ல விசாரிச்சுச் சொல்லு.”