நான்கடியில் நம் வாழ்வு

கவிதை, கற்றோர் வீட்டுக் கருவூலமாம்! காட்டில் ஆடு மேய்ப்பவனுக்கும், சந்தையில் தக்காளிப் பெட்டி சுமப்பவனுக்கும் அதன் சாவி கிடைக்காதாம்! அய்யலூரில் நாம் கேட்டு வளர்ந்த பேச்சு இது. அந்தப் பேச்சைத் தகர்த்தது ஒரு நூல். அதன் பெயர் குறுந்தொகை.

1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் உ.வே.சாமிநாதையரும் உரையுடன் பதிப்பித்த நூல் அது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள்; பெரும்பாலானவை 4 முதல் 8 அடிகளே. இரவுக்கு ஒரு பாட்டு என்று உரையின் துணையோடு படிக்கத் தொடங்கினோம். முதல்முறை சொல் விளங்கிற்று. மறுமுறை பொருள் விளங்கிற்று. மூன்றாம் முறையோ, சொல்லாமல் விட்டது விளங்கிற்று! குறும்பாட்டின் ஆற்றல் அதுதான்.

அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. பெயரில்லை எனில் குலப்பட்டமும் இல்லை. எவரும் அங்கே நின்று பேசலாம். மேய்ச்சல் நிலமும், கார்கால மழையும், பிரிந்து சென்றவன் வரவை நோக்கியிருக்கும் மனையாளும் முல்லைத்திணை. வியாழன்தோறும் ஆட்டுச்சந்தை கூடும் ஊரார்க்கு அதை விளக்க அகராதியா வேண்டும்?

பாடியோர் யார்? வெள்ளிவீதியார் போன்ற பெண்பாற் புலவரும் உண்டு. இயற்பெயர் மறைந்தும், தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என வாழ்பவரும் உண்டு. அரண்மனைகள் மண்ணாயின, ஓர் உவமை நிலைத்தது!

தோழர்களே! நேரமில்லை என்னாதீர். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதில் ஒரு பாட்டு முடிந்துவிடும். படித்ததை, வேலை முடிந்து வரும் அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். கருவூலம் திறந்தே கிடக்கிறது. உரிமை கொண்டாட வேண்டியவர் நாமே!